ராசாக்கனியின் இடது கை

பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்தில் தூத்துக்குடி வண்டிக்காக ஒரு கூட்டமே காத்து நின்றது. வண்டி வரவில்லை. முந்தைய காலமாக இருந்தால் "போயிட்டா?" என்று ஒருவர் கேட்டிருப்பார். "இப்பதான் போவுது" என்று விஷயமே தெரியாத ஒருவர் அடித்து விட்டிருப்பார். மூன்றாமவர் போக்குவரத்துத் துறையை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டியிருப்பார். பொழுது போனதே தெரிந்திருக்காது. இப்போது அத்தனை பேரும் காதுமடலைத் தொட்டார்கள். வல்லநாட்டில் டயர் பஞ்சர் என்று அவரவர் காதுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. கூட்டம் வாய் திறக்காமல் நிழலுக்கு ஒதுங்கியது.

செண்பகவடிவும் ஒதுங்கினாள். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண், தன் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது போலும் என்று துடைத்துக்கொண்டாள்.

அந்தக் குரலுக்குப் பெயர் செவியன். நெல்மணி அளவுள்ள கருவி, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பணிமனையிலிருந்தும், மற்ற உலக ஞானம் அத்தனையையும் பொதுக்களஞ்சியத்திலிருந்தும் எடுத்துச் சொல்லும். பொதுக்களஞ்சியம் என்பது யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஊர் கூடித் தொடங்கிய இணையக் கலைக்களஞ்சியம். எழுதுகிறவர்களுக்குக் கூலியும் கிடையாது, மாலை மரியாதையும் கிடையாது. செவியன் வந்த பிறகு அதை யாரும் திறந்து படிப்பதுமில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும்போது கிணறு எங்கே இருந்தால் என்ன?

அந்தக் கிணற்றடியில் இன்னும் உட்கார்ந்திருந்தவள் வடிவு. ஒரு காலத்தில் ரயில் சந்திப்பு ஒன்றில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் வேலை பார்த்தவள். நாகர்கோவில் வண்டி எந்த மேடை, குருவாயூர் வண்டி தாமதமா, கழிப்பறை எங்கே, என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று நாள் முழுக்க ஜனம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் சலித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருப்பாள். செவியன் வந்ததும் ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு அவளை ஓய்வில் அனுப்பினார்கள். கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் இல்லை, அமையவில்லை, அவ்வளவுதான். பழக்கதோஷம் யாரை விட்டது? கேட்க ஆளில்லாவிட்டாலும் பதில் சொல்லியே தீருவேன் என்று களஞ்சியத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே நன்றாக எழுதினாள். களஞ்சியத்துக்கென்று ஒரு நடை உண்டு, நடுநிலை நடை என்பார்கள். எழுதுகிறவரின் கோபம், குசும்பு, ஆசை எதுவும் எழுத்தில் தெரியக்கூடாது. அதில் வடிவை அடிக்க ஆளில்லை. கட்டுரையில் மட்டுமா, ஆசிரியர்கள் தங்களுக்குள் விவாதிக்கும் பேச்சுப்பக்கத்திலும் அவள் அப்படித்தான். "திருத்தம் ஏற்கத்தக்கது." "சான்று தேவை." இதற்குமேல் ஒரு சொல் வராது. தப்பித்தவறி ஒரு வியப்புக்குறி விழுந்துவிட்டால் ஓடிப்போய் அழித்துவிட்டு வருவாள்.

தமிழ்ப் பதிப்பில் கடைசியாக இரண்டே பேர்தான் மிஞ்சினார்கள். ஒருத்தி வடிவு. இன்னொருவர் ஈரோட்டுத் திருமேனி. ஒருநாள் அவர் எழுதினார்: "கண்ணு சுத்தமாத் தெரியறதில்லைங்க வடிவு. இனி ஆகாது. போய்ட்டு வர்றனுங்க." அவள் நெடுநேரம் யோசித்து, "தகவலுக்கு நன்றி" என்று பதில் போட்டாள். அதன் பிறகு அழுதாள். அழுததைத் தட்டச்சு செய்ய அவளுக்குத் தெரியவில்லை.

மறுவாரமே மேற்பார்வைக் குழுவிலிருந்து அறிவிப்பு வந்தது. ஒரு கை தட்டினால் ஓசை வராது. ஒருவரே எழுதி ஒருவரே சரிபார்ப்பது களஞ்சியம் ஆகாது. ஆகவே ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஆசிரியர்களாவது இல்லாத பதிப்பு மூடப்படும். 'அறியாத' என்பதில் குழு கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கோ ஒரு பதிப்பில் ஒரு மாமியாரும் மருமகளும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒற்றுமைப்பட்டு, பிடிக்காத சம்பந்தியின் ஊரையே களஞ்சியத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆசிரியரும் 'இங்குள்ள எவரையும் நேரில் அறியேன்' என்று உறுதிமொழி தர வேண்டும். மறைத்தால் இருவரும் வெளியே.

பதிப்பு மூடப்பட்டால் செவியன் ஊமையாகிவிடாது. வேற்றுமொழிப் பெரிய பதிப்பிலிருந்து தானே மொழிபெயர்த்துச் சொல்லும். அது எப்படி இருக்கும் என்று வடிவு சோதித்துப் பார்த்தாள். 'சோழகக் காற்று என்றால் என்ன?' என்று கேட்டாள். தெற்கிலிருந்து வீசும், கடலைக் கலக்கிவிடும், வலைக்காரர்கள் அறிந்த காற்று அது. மீனவர் சங்கங்களின் பழைய மலர்களைத் தேடித் தேடி அவள் எழுதிய கட்டுரை. மொழிபெயர்ப்புக் குரல் தயங்காமல் சொன்னது: "சோழ மன்னர்களின் அரண்மனைகளில் வீசிய இதமான காற்று. படகுச் சவாரிக்கு ஏற்றது."

இதைக் கேட்டு நாளை ஒரு பயல் கடலுக்குப் போவான்.

ஆள் தேடினாள். எதிர்வீட்டுப் பையன் இசக்கியப்பன் கணினி படித்தவன். கதவைத் தட்டியதற்கே மிரண்டு போனான். அவள் விஷயத்தைச் சொன்னதும் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அதுல எல்லாம் இருக்கே அத்த. இனி எழுத என்ன கெடக்கு?" என்றான்.

"இருக்கதை யாரு எழுதினாவன்னு நெனைக்க?"

"யாரு எழுதணும்? தானா வருது லா" என்றான். கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

பதிப்பை மூடக் குறித்த நாள் நெருங்கியபோது வடிவு ஒரு திருட்டுத்தனம் செய்தாள். இத்தனை வருடத்தில் முதல் திருட்டு. ராசாக்கனி என்ற பெயரில் இன்னோர் ஆசிரியரைப் பதிந்தாள். களஞ்சியத்தார் இதைப் பொம்மைக் கணக்கு என்பார்கள். கொலைக் குற்றத்துக்கு அடுத்த குற்றம்.

அதைப் பிடிக்கவென்றே நடையறிவான் என்ற கருவி இருந்தது. ஒருவர் எந்தச் சொல்லை விரும்புகிறார், எங்கே தடுமாறுகிறார், விசையை எந்தத் தாளத்தில் தட்டுகிறார் என்று அளந்து, இரண்டு பெயரில் எழுதுவது ஒரே ஆள் என்றால் கையும் களவுமாகப் பிடித்துவிடும். ஆகவே வடிவு ராசாக்கனிக்கு இடது கையைக் கொடுத்தாள். அவன் எழுதும்போது வலது கை மடியில் கிடக்கும். எழுத்துப்பிழை தானாகவே வந்தது. உப்பளத்து லாரி ஓட்டி ஓய்ந்தவன், தூத்துக்குடிக்காரன், மனைவியை இழந்தவன், வாய் அடங்காதவன் என்று வரலாறும் கொடுத்தாள். ஒரு முழங்கால் வலியும் கொடுத்தாள். அது அவளுடைய வலிதான். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

ராசாக்கனி வந்த அன்றே சண்டையை ஆரம்பித்தான். தூத்துக்குடியின் பேர்போன முந்திரித் தின்பண்டமான மக்ரூன் பற்றிய கட்டுரையின் பேச்சுப்பக்கத்தில் இடது கை தட்டிற்று: "மக்ரூன் பத்தி எழுதியிருக்கியளே வடிவு, ஒருநாளாவது தின்னு பாத்திருக்கியளா? முட்ட வெள்ளையக் கையால அடிக்கணும். மிசின்ல அடிச்சா அது மக்ரூன் இல்ல, சீனிக்கட்டி."

வலது கை பதில் சொன்னது: "கட்டுரையாளர் தின்றாரா என்பது கட்டுரைக்குத் தொடர்பற்றது. சான்று தேவை."

"என் நாக்குதான் சான்று!"

வடிவு அந்த வரியைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவள் யோசித்து எழுதியதில்லை, கை எழுதியது. உண்மையில் அவள் மக்ரூன் வாங்கி வெகுகாலம் ஆயிற்று. ஒருத்திக்கு எதற்கு ஒரு பாக்கெட் என்று விட்டுவிட்டாள்.

காலையில் வடிவு, மாலையில் ராசாக்கனி. நாள் முழுக்கச் சண்டை. அவன் கோபப்பட்டான், கிண்டல் செய்தான், தோற்றால் "சரிம்மா, ஒத்துக்கிடுதேன்" என்று ஒத்துக்கொண்டு மறுநாளே வேறு வம்புக்கு வந்தான். மாலை எப்போது வரும் என்று வடிவு காத்திருக்கத் தொடங்கினாள்.

பேச்சுப்பக்கத்தில் வாதம் நடந்துகொண்டிருந்தால் செவியன் அதை மறைக்காது, அது அதன் அமைப்பு. ஆனால் வாதமே நடந்து வருடக்கணக்காகிவிட்டதால் ஜனங்கள் அதைக் கேட்டதில்லை. இப்போது மக்ரூன் என்றால் என்ன என்று கேட்டவர்கள் காதில், "இது குறித்து இருவர் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடிவு தெரியவில்லை" என்று விழுந்தது. தெரியவில்லை! செவியனுக்கே தெரியவில்லையா? ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வடிவு அதைக் கண்ணாலேயே கண்டாள். முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு டீக்கடையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மிசின்ல அடிச்சாலும் மக்ரூன் மக்ரூன்தாம்வே."

"யாரு சொன்னா? ராசாக்கனி சொல்லுததுதான் சரி. அந்தாளு தின்னு பாத்தவரு. இன்னொரு ஆளு இருக்கே, அது என்னத்தக் கண்டுச்சு?"

கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டுத் தானும் நுழைந்தார். ஊர் இரண்டுபட்டது. கூத்தாடிக்குத்தான் கொண்டாட்டம், கூத்தாடி யாரென்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. 'அந்த இன்னொரு ஆளு நாந்தான்' என்று சொல்ல அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் பேச்சுப்பக்கத்தில் மூன்றாவது குரல் ஒன்று புகுந்தது. நாசரேத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஜெபராணி. "ஒங்க ரெண்டு பேருக்குமே மக்ரூன் தெரியல. முந்திரிப்பருப்பை எவ்வளவு பொடிக்கணும்னு ஒருத்தரும் எழுதல. வழி விடுங்க, நா எழுதுதேன்" என்று உறுதிமொழி கொடுத்து உள்ளே வந்தாள். உயிருள்ள, நிஜமான, இன்னொரு ஆள்! வடிவு எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தாள். முழங்கால் வலித்தது, நடந்தாள்.

திறமைசாலிப் பெண். வந்த வேகத்தில் கேக்கு, ரொட்டி, அடுப்பு என்று கட்டுரைகள் பிடித்துக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு ராசாக்கனியின் பக்கத்தில் நாலு வரி பேசாமல் போகமாட்டாள். "அண்ணாச்சி, மொழங்கா எப்படி இருக்கு? கடுகெண்ண காய்ச்சிப் போடுங்க." "அண்ணாச்சி, இன்னைக்கு அடுப்பு மக்கர் பண்ணிட்டு, ஒங்ககிட்ட பொலம்பணும்னு வந்தேன்." வடிவு கடுகெண்ணெய் வாங்கிக் காய்ச்சிப் போட்டாள். வலி குறைந்தது.

வடிவுக்கு ஜெபராணி எழுதுவது வேறு மாதிரி. "வடிவு அவர்களுக்கு, பிழை திருத்தப்பட்டது." அவ்வளவுதான். இவளும் ஒருநாள் துணிந்து, அடுப்பு சரியாயிற்றா என்று வலது கையால் கேட்டுவிட நினைத்தாள். அழித்து அழித்துக் கடைசியில் வந்து விழுந்தது இதுதான்: "அடுப்பின் நிலை குறித்த தகவல் தேவை." ஜெபராணி, அடுப்பு கட்டுரையில் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்து ஒரு பத்தி சேர்த்துவிட்டுப் போனாள்.

தன் கை பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. வடிவுக்கு வந்தது. இனி ராசாக்கனி எதற்கு, அதான் ஜெபராணி இருக்கிறாளே, இவனை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். விதிப்படி இரண்டு பேர் போதும். ஆனால் அவன் போனால் 'மொழங்கா எப்படி இருக்கு' என்று யாரிடம் கேட்பாள் அந்தப் பெண்? இன்றைக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், ராசாக்கனியின் பெயருக்கு இரண்டு செய்திகள் வந்திருந்தன. முதலாவது ஜெபராணியிடமிருந்து.

"அண்ணாச்சி, கோவப்படாதிய. ஒரு காரியம் செஞ்சுட்டேன். அந்த வடிவு மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். ஒரு சிரிப்பு இல்ல, ஒரு வார்த்த இல்ல. நீங்க அம்புட்டு கிண்டல் பண்ணியும் ஒருநாள் கோவம் வரல. ஒங்கள வம்புக்கிழுத்து வேல வாங்கதுக்கு யாரோ வச்ச பொம்மைன்னு நெனைக்கேன். மேல எழுதிப் போட்டுட்டேன். ஒங்க நல்லதுக்குத்தான்."

இரண்டாவது மேற்பார்வைக் குழுவிடமிருந்து. புகாரை ஒட்டி நடையறிவானை ஏவியிருந்தார்கள். வடிவும் ராசாக்கனியும் ஒருமுறைகூட ஒரே வேளையில் வந்ததில்லை, ஆகவே இருவரில் ஒருவர் பொம்மை என்று அது ஐயப்பட்டிருந்தது. பிடித்துவிட்டார்கள். கீழே படித்தாள்.

"ராசாக்கனி: மனிதர். ஐயமில்லை. சினம் கொள்கிறார். பிழை செய்கிறார், ஒப்புக்கொள்கிறார். வலியைச் சொல்கிறார். பிறர் நலம் விசாரிக்கிறார். வடிவு: எழுதிய காலம் முழுவதிலும் ஒருமுறைகூட 'நான்' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. மனிதர் என்று கொள்ளத்தக்க அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை."

மறுபடி படித்தாள். ஒருமுறைகூடவா? இருக்காது என்று தன் பழைய பதிவுகளுக்குள் போய்த் தேடினாள். திருமேனிக்கு எழுதிய கடைசிப் பதில்வரை தேடினாள். தகவலுக்கு நன்றி. கருவி சொன்னது சரி.

அடியில் ஒரு கேள்வி இருந்தது. ஐயத்துக்குரிய கணக்கின் சொல் சான்றாகாது என்பதால் ராசாக்கனியிடம்தான் கேட்டிருந்தார்கள். "வடிவு என்பவர் ஒரு தனி மனிதர் என்பதை நீங்கள் அறிவீர்களா?"

கேள்வி கேட்க ஆளில்லையே என்று ஏங்கியவளுக்குக் கடைசியில் ஒரு கேள்வி வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் அவளைப் பற்றியே. அவள் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாட்களைப் போல, பதிலின் எல்லா மேடைகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். 'அறிவேன்' என்றால், உறுதிமொழியை மீறி மறைத்ததாக இருவருமே வெளியே. 'நான்தான் அவள்' என்று உண்மையைச் சொன்னாலும், நேரில் போய் முகத்தைக் காட்டினாலும், பொம்மை செய்த குற்றத்துக்கு இருவருமே வெளியே. இரண்டிலும் ஜெபராணி தனியாளாக நிற்பாள். பதிப்பு மூடப்படும். சோழகம் அரண்மனைக் காற்றாகும். அந்தப் பெண் அடுப்பைப் பற்றிப் புலம்ப இடமில்லாமல் போகும். மிச்சமிருப்பது ஒரே பதில்.

வெளியே மழை கொஞ்சம் விட்டது. வடிவு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது கையை மடியில் வைத்தாள்.

"தெரியாதுய்யா" என்று இடது கை தட்டியது. "அப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல."

சற்று நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. வடிவு என்ற கணக்கு நீக்கப்பட்டது. அவள் எழுதிய கட்டுரைகள் இருக்கும், எழுதியவர் பெயர் இருந்த இடங்களில் 'நீக்கப்பட்ட கணக்கு' என்று இருக்கும். பதிப்பில் இரண்டு ஆசிரியர்கள் உள்ளதால் அது தொடரும். அவள் காதைத் தொட்டு, சோழகம் என்றால் என்ன என்று கேட்டாள். செவியன் அவள் வாக்கியத்தை அச்சுப் பிசகாமல் அவளுக்கே சொன்னது. நல்ல வாக்கியம்தான் என்று நினைத்தாள். யார் எழுதியது என்று கேட்டாள். 'நீக்கப்பட்ட கணக்கு' என்றது.

திரையில் ஜெபராணி வந்துவிட்டாள். "பாத்தியளா அண்ணாச்சி, நான் சொன்னேன்லா? மனுசி அப்படியா இருப்பா? சரி விடுங்க, பீடை ஒழிஞ்சுது. இனி நாம ரெண்டு பேரும் நிம்மதியா எழுதலாம். மழைக்கு மொழங்கா ரொம்ப வலிக்குமே? சாப்பிட்டாச்சா?"

வடிவு காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. முழங்கால் வலித்துக்கொண்டுதான் இருந்தது. இல்லை தாயி, சாப்பிடவில்லை, நான் இன்னும் சாப்பிடவில்லை என்று எழுதிவிட வலது கை ஒருமுறை மடியிலிருந்து எழுந்தது. அதன் தாளம் நடையறிவானுக்குத் தெரியும். திரும்பவும் அதை மடியில் போட்டாள்.

"ஆச்சும்மா" என்று ராசாக்கனி எழுதினான். "ரெண்டு பரோட்டா."